முறைத் துண்டு

கலைமகளின் கல்யாணத்தில் நடந்த கலாட்டாவை அந்த ஊரில் யார் சொன்னாலும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். போன ஆவணி வரைக்கும் அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊர் குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது. திருக்காட்டுப்பள்ளியில் பஸ் ஏறி, பக்கத்து சீட்டுக்காரரிடம் ஊர் பேர் கேட்டு முடிப்பதற்குள் வந்துவிடும். அவளுடைய அப்பா துரைராசுவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம், கோயில் நிலம் குத்தகைக்குக் கொஞ்சம். மனைவி சீக்கிரமே போய்விட்டாள். இருந்தது ஒரே பெண். ஒரே அக்காள் நாகம்மாள், அவள் புருஷன் இராஜாங்கம், அவர்கள் மகன் இளஞ்செழியன்.

முறைப்படி கலைமகள் செழியனுக்கு வர வேண்டிய பெண். ஆனால் செழியன் சினிமா எடுக்கப் போகிறேன் என்று சென்னைக்கு ரயிலேறிவிட்டான். "எனக்குக் கல்யாணமே வேணாம் மாமா, கலைக்கு நல்ல எடமாப் பாருங்க" என்று அவனே சொன்னான். அப்புறம்தான் ஒரத்தநாட்டுப் பக்கத்தில் அண்ணாதுரையைப் பார்த்தார்கள். சிங்கப்பூரில் வெல்டர்.

முறைப் பையன் இருக்கும்போது பெண்ணை வெளியில் கொடுப்பதென்றால், முறைக்காரர்களிடம் முதலில் உத்தரவு கேட்க வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு புதுத் துண்டு. தட்டை வாங்கித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டால் சம்மதம் என்று பொருள். துரைராசு தட்டோடு போய் அக்காள் புருஷன் முன்னால் நின்றார். இராஜாங்கம் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தாராளமா செய் மச்சான்" என்றார். அதற்கு நாகம்மாள் சாட்சி, கலைமகள் சாட்சி, சமையற்கட்டில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரிகூட சாட்சி.

கல்யாணத்தன்று இராஜாங்கம் விடியலிலேயே மண்டபத்து ஜெனரேட்டருக்குப் பின்னால் போய்விட்டார். திரும்பி வரும்போது நடை வேறு மாதிரி இருந்தது. ஐயர் தாலித் தட்டைக் கையில் எடுக்கிறார். மேளக்காரர் கெட்டிமேளத்துக்குக் கையை ஓங்குகிறார். இராஜாங்கம் மேடையில் ஏறிவிட்டார்.

"நிறுத்துங்கய்யா மேளத்த! முறைக்காரன் ஒருத்தன் இங்க உசுரோட நிக்கிறேன். எனக்கு முறை செஞ்சானா இவன்? ஒரு துண்டு... ஒரே ஒரு துண்டு குடுத்தானா?"

அந்தத் துண்டு அவர் தோளில் கிடந்தது.

"மச்சான், அது என்னா தோள்ல?" என்று துரைராசு மெல்லக் கேட்டார்.

இராஜாங்கம் தோளைத் திரும்பிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "இது யாரோ போட்டது" என்றார்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஒரே ஓட்டம். இராஜாங்கம் கோபத்தில் சமையற்கட்டுக்குப் போய் ரச அண்டாவைக் காலால் எற்றினார். ரசம் பந்தியைப் பார்த்து ஓடி வந்தது. முதல் பந்திக்காரர்கள் இலையைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் துரைக்கண்ணு எழுந்தார். "குடிகார வூட்டுல பொண்ணெடுக்கணும்னு நமக்கு என்னா தலையெழுத்து? எழுந்திரிடா அண்ணாதுரை!" துரைராசு ரசத்திலேயே விழுந்து அவர் காலைப் பிடித்தார். துரைக்கண்ணு காலை உதறினார். கால் வந்துவிட்டது, வேட்டி வரவில்லை. அது துரைராசுவின் கையில் நின்றுவிட்டது. பட்டாபட்டி டிராயரோடு துரைக்கண்ணு மண்டபத்தின் நடுவே நின்றார்.

முதலில் சிரித்தது மணப்பெண்தான். மாலையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவளைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தான். கடைசியில் துரைக்கண்ணுவே, "வேட்டியக் குடுங்க சம்பந்தி, பொண்ணு சிரிக்குது பாருங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். தாலி ஏறியது.

இருபது வருஷமாக அது அவள் சொல்லும் கதை. அண்ணாதுரை சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டதால் அவள் அப்பாவோடு இருந்து விவசாயத்தைப் பார்த்தாள். நடவுக்கு வரும் பெண்கள் வரப்பில் சோறு உண்ணும்போது, "அக்கா, அந்த ரசத்தச் சொல்லுங்க" என்பார்கள். சொல்வாள். துரைராசு காதில் விழுந்தால் மட்டும் குறுக்கே வருவார். "அன்னிக்கு மச்சானுக்கு மயக்கம்மா. காலையில ஒண்ணும் சாப்டல." இராஜாங்கம் குடித்துக் குடித்தே செத்துப்போய்ப் பல வருஷம் ஆகியும் அவர் இதை மாற்றிச் சொன்னதில்லை. அக்காளுக்காக. துரைராசு ஒரு சொட்டுத் தொட்டவர் இல்லை. பீடிகூடக் கிடையாது. அவரிடம் இருந்த ஒரே பழக்கம் 'நல்லாருக்கட்டும்' என்பது. விதைநெல் கொடுத்தவருக்கும் நல்லாருக்கட்டும், நிறுத்தாமல் போன பஸ்ஸுக்கும் நல்லாருக்கட்டும்.

செழியன் பத்து வருஷம் உதவி இயக்குநர், அப்புறம் ஓடாத ஒரு படம், அப்புறம் இந்தப் படம். கல்யாண வீட்டுக் கூத்தை வைத்து எடுத்த முழுநீளச் சிரிப்புப் படம் என்றார்கள். பெயரே 'நிறுத்துங்கய்யா மேளத்த'. ஆவணியில் தஞ்சாவூரில் சொந்தக்காரர்களுக்கென்று தனிக் காட்சி ஏற்பாடு செய்து, ஊருக்கு வேன் அனுப்பினான். துரைராசு சலவை வேட்டி கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். வழி நெடுக, "நம்ம வூட்டுப் பையன்" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

படத்தில் ரசம் இருந்தது. வேட்டி இருந்தது. துண்டும் இருந்தது. குடிகாரன் மட்டும் இடம் மாறியிருந்தான்.

படத்தில் குடிப்பது பெண்ணின் அப்பா. அக்காள் புருஷனுக்குப் போட வேண்டிய துண்டைக் குடிவெறியில் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு, "துண்டக் காணமே, துண்டக் காணமே" என்று மண்டபம் முழுக்கத் தேடுகிறான். அண்டாவைக் கவிழ்ப்பவன் அவன்தான். மானம் போன பிறகும் பொறுமையாக நின்று கல்யாணத்தைக் காப்பாற்றுபவர் அக்காள் புருஷன். அவர் வெள்ளைச் சட்டை கசங்கவே இல்லை. அந்தக் குடிகார அப்பன் ஒவ்வொரு முறை விழும்போதும் ஒரு விக்கல் விட்டு, "நல்லாருக்கட்டும்" என்கிறான்.

முதல் விக்கலுக்கே தியேட்டர் அதிர்ந்தது. கலைமகளுக்கு ஒரு பக்கம் அப்பா, மறு பக்கம் நாகம்மாள் அத்தை. அத்தையும் சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். நாலாவது நல்லாருக்கட்டுமில்தான் அத்தையின் சிரிப்பு நின்றது. தம்பியைத் திரும்பிப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இடைவேளையில் கலைமகள், "வாங்கப்பா, போயிடலாம்" என்றாள்.

"வேன் எல்லாருக்கும் சேத்து வந்துருக்கு. நாம மட்டும் எப்படிப் போறது?"

படம் முடிந்து வெளியே செழியன் மாலையும் கழுத்துமாக நின்றான். "மாமா, எப்படி இருந்துச்சு?"

துரைராசு யோசித்தார். "ரசம் தத்ரூபமா இருந்துச்சு மாப்ள" என்றார்.

மறுநாள் கலைமகள் செழியனுக்குப் போன் போட்டாள்.

"அத்தான், எங்கப்பா குடிச்சதே இல்லையே."

"ஐயோ கலை, அது மாமா இல்ல. அது ஒரு கேரக்டர்."

"நல்லாருக்கட்டும்னு வேற யாரு சொல்றா இந்த ஊர்ல?"

"ஒரு டச்சுக்கு வச்சது. பொண்ணோட அப்பன் குடிச்சாத்தான் காமெடி நிக்கும். எவனோ ஒரு சொந்தக்காரன் குடிச்சான்னா யாரு சிரிப்பா?"

"எவனோ இல்லையே. உங்கப்பா."

செழியன் குரலை இறக்கி, "எங்கப்பாவக் குடிகாரனாக் காட்டினா அம்மா மனசு என்னா பாடுபடும்? யோசிச்சுப் பாரு" என்றான்.

அந்தச் சொல்தான் அவளுக்குள் இறங்கி உட்கார்ந்தது. அறியாமல் செய்தானென்றால் ஆறிப்போயிருக்கும். அவன் யோசித்திருக்கிறான். இரண்டு மனசையும் தராசில் வைத்துப் பார்த்து, எது நொந்தால் தனக்கு நஷ்டமில்லையோ அதை எடுத்திருக்கிறான்.

போனை வைத்துத் திரும்பினால் அப்பா வாசற்படியில் நிற்கிறார். "கலை, இந்தப் பேச்சு அக்கா காதுக்குப் போகக் கூடாது. நான் உசுரோட இருக்கற வரைக்கும் நீ எங்கயும் வாயத் தொறக்கக் கூடாது. எம்மேல சத்தியம்."

"உங்க பேரு போவுதுப்பா."

"போனாப் போவுது. சத்தியம் பண்ணு."

பண்ணினாள். 'உசுரோட இருக்கற வரைக்கும்' என்று அவர் சொன்னதை மட்டும் எடுத்து முடிந்து வைத்துக்கொண்டாள்.

படம் ஓடியது. தீபாவளிக்கு டிவியிலும் வந்தது. விக்கலும் நல்லாருக்கட்டுமும் போன் போனாகப் பரவின. டீக்கடையில் இளவட்டங்கள் துரைராசுவைக் கண்டதும் கிளாஸைத் தூக்கி விக்கினார்கள். பஸ்ஸில் கண்டக்டர், "தாத்தா, துண்டு பத்திரம்" என்றார். கூட்டுறவு வங்கியில் உரத்துக்கு வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து யாரோ நல்லாருக்கட்டும் என்று குழறினான். வரிசை முழுக்கச் சிரித்தது. துரைராசுவும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது மகளிடம், "சின்னப் பசங்க" என்றார். அதன் பிறகு அவர் யாரையும் வாழ்த்தவில்லை. வாயில் பாதி வந்ததை விழுங்கிக்கொள்வார்.

கார்த்திகையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் சிரித்துக்கொண்டே, "மாமா, பின்னாடி கார்ல இருக்கு, ஒரு கட்டிங் போடறீங்களா?" என்று காதோடு கேட்டான். கிண்டலுக்குக்கூட இல்லை, உபசாரமாகவே கேட்டான். அவர் இலையை மடக்கிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதற்கப்புறம் வந்த பத்திரிகைகளுக்கெல்லாம் கலைமகள்தான் போனாள்.

போன இடத்திலெல்லாம் அவள் பார்த்தாள். யார் சிரிக்கிறார்கள், யார் அவளைக் கண்டு வாயைப் பொத்துகிறார்கள், யார் பொத்தவில்லை. வயலில் களை பிடுங்கும்போது செழியனிடம் சொல்ல வேண்டியதை ஒவ்வொரு சொல்லாகக் கூர் தீட்டினாள். தை அறுவடை முடிந்ததும் வழக்கம்போல சென்னையில் மகனோடு இருக்கும் அக்காளுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பச் சொன்னார் அப்பா. குருணை அதிகமாக இருந்த மூட்டையைப் பார்த்து லாரியில் ஏற்றினாள். அது போதவில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

சிங்கப்பூரிலிருந்து அண்ணாதுரை, "படம்தானே கலை, விடு. எங்க துரைக்கண்ணு மாமாவப் பாரு, தன்னோட வேஷத்துல அழகான ஆளப் போட்டுட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு" என்றான்.

"அவரு வேட்டிதான் போச்சு. அது திரும்பி வந்துடுச்சு" என்று போனை வைத்தாள்.

மாசியில் துரைராசுவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தஞ்சாவூரில் சேர்த்தார்கள். அடுத்த கட்டிலுக்குத் துணையாக வந்திருந்தவன் அவரை உற்று உற்றுப் பார்த்து, ஊர் பெயரைக் கேட்டு, "ஓ, அந்தப் படத்து ஊரா? குடிச்சுக் கெடுத்துக்கிட்டாரா?" என்று கலைமகளிடம் இரக்கத்தோடு கேட்டான். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்று இமையைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்த வாரமே முடிந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு முதலில் அழுகை வரவில்லை. சத்தியம் முடிந்தது என்ற நினைப்புதான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பின்னால் வந்தது.

பந்தல் போட்டாயிற்று. பங்காளி ரெத்தினம் சித்தப்பா எல்லாவற்றையும் முன்னின்று பார்த்தார். ஒப்பாரிக்கு ஆள் வந்தது. யூசுப் பாய் மைக் செட் கட்டினார். அண்ணாதுரை இரவு விமானத்தில் வந்து சேர்ந்திருந்தான், கொள்ளி வைக்க வேண்டியது அவன்தான். நாகம்மாள் அத்தை தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து, "என் கூடப் பொறந்த கொடிய ஆறு கொண்டு போச்சே" என்று குரல் கட்டும்வரை அழுதாள்.

சம்பந்தி வீட்டுக் கோடி முதலில் வந்தது. துரைக்கண்ணு கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து புது வேட்டியை உடம்பின் மேல் போர்த்தி, "போய்ட்டியே சம்பந்தி" என்று ஓவென்று அழுதார்.

அடுத்தது அக்காள் வீட்டுக் கோடி. தெருமுனையில் பறை முழங்கியது. தாம்பாளத்தில் வேட்டியும் மாலையுமாகச் செழியன் நடந்து வந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. டைரக்டர் வருகிறார் என்று பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பந்தலுக்குள் வந்து கோடியைக் கையில் எடுத்துக் குனிந்தான்.

கலைமகள் எழுந்து குறுக்கே நின்றாள். "போடாத."

ஊரில் யாரும் அவள் அத்தை மகனை ஒருமையில் கூப்பிட்டுக் கேட்டதில்லை. பறை தானாக நின்றது.

"கலை..."

"எங்கப்பா மேல நீ போட்டதே போதும். இன்னொண்ணு எதுக்கு?"

ரெத்தினம் சித்தப்பா ஓடி வந்தார். "அடியே, பொணத்த வச்சுக்கிட்டு என்னா பேச்சு இது? ராகு காலம் வருது. கோடிய மறிக்கிறது குடும்பத்துக்கே ஆகாது!"

"மறிக்கல சித்தப்பா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லிட்டுப் போடட்டும். யூசுப் பாய், அந்த மைக்க இவங்கிட்டக் குடுங்க."

யூசுப் பாய் ரெத்தினத்தைப் பார்த்தார், செழியனைப் பார்த்தார், பாடையைப் பார்த்தார். எழுந்து வந்து ஒப்பாரிக்காரியின் கையிலிருந்து மைக்கை வாங்கிச் செழியனிடம் நீட்டினார்.

"இது எடமா கலை?" என்றான் செழியன், பல்லுக்குள்.

"படம் எடுக்கறப்ப எடம் பாத்தியா?"

நூறு போன்கள் தூக்கியபடி இருந்தன. அவன் கண்ணாடியைக் கழற்றினான். தொண்டையைச் செருமினான். "எங்க மாமா துரைராசு ஒரு தெய்வப் பிறவி. டெல்டா மண்ணோட ஈரம் அவரு மனசுல..."

"வசனம் வேணாம். என் கல்யாணத்துல குடிச்சிருந்தது யாரு?"

மைக் ஒருமுறை கீச்சிட்டது.

"எங்கப்பா."

"பேரு இல்லையா உங்கப்பாவுக்கு?"

"இராஜாங்கம்." குழாயிலிருந்து அந்தப் பெயர் ஆற்றங்கரை வரைக்கும் போய்த் திரும்பியது.

அத்தையின் தலை குனிந்தது. கலைமகள் அதைப் பார்த்தாள். இதற்காகத்தான் அப்பா சத்தியம் வாங்கினார் என்று தெரியாமல் இல்லை. நிறுத்தவில்லை.

"எங்கப்பா குடிச்சு யாராச்சும் பாத்துருக்காங்களா?"

"இல்ல. மாமா தொட்டதே இல்ல."

"முறைத் துண்டு குடுத்தாரா?"

"குடுத்தாங்க."

"சண்ட போட்டப்ப அந்தத் துண்டு எங்க இருந்துச்சு?"

செழியன் உதட்டைக் கடித்தான். "எங்கப்பா தோள்லயே இருந்துச்சு."

பந்தலின் ஓரத்தில் துரைக்கண்ணுவின் தொண்டையிலிருந்து ஒரு கனைப்பு புறப்பட்டது. அடக்கப் பார்த்தார். "தோள்லயே... யாரோ போட்டதுன்னான்யா..." என்றார். அவ்வளவுதான். அழுத கண்ணோடு ஒருவர், மூக்கைச் சிந்திக்கொண்டு ஒருவர் என்று பந்தல் முழுக்க ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. கலைமகள் சிரிக்கவில்லை. ஆனால் அது எவன் மேல் விழுந்தது என்று செழியனின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். முகத்தைத் துடைக்கக்கூடக் கையில்லாமல் ஒரு கையில் மைக்கும் ஒரு கையில் கோடியுமாக நின்றான்.

"சொல்லிட்டேன். போடலாமா?"

"வேணாம். எடுத்துட்டுப் போ."

"நீதானே சொல்லச் சொன்னே!"

"சொல்லிட்டுப் போடட்டும்னு எங்க சித்தப்பாகிட்ட சொன்னேன். உனக்கு ஒண்ணும் வாக்குக் குடுக்கல."

அப்போது அத்தை எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மகன் கையிலிருந்த வேட்டியைப் பிடுங்கினாள். "இது அவன் கோடி இல்லடி. என் கோடி. நான் இவனோட ஒரு வயித்துல பொறந்தவ. என்னையும் மறிக்கிறியா?"

கலைமகள் விலகினாள். அத்தை தம்பிக்கு வேட்டியைப் போர்த்தி, நான்கு மூலையும் இழுத்துவிட்டு, மருமகளின் பக்கம் திரும்பினாள். "இருவது வருசமா என் தம்பி மூடி வச்சத, அவன் பொணம் எடுக்கறதுக்குள்ள தொறந்துட்டியே."

"மூடி வச்சதுக்கு உங்க மகன் குடுத்த கூலிய நீங்களும் தியேட்டர்ல பாத்தீங்களே அத்தே. பாத்து சிரிச்சீங்களே."

பாடை தூக்கும்போது செழியன் தோள் கொடுக்க வந்தான். அண்ணாதுரை மனைவியின் கண்ணைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்ணே, ஆள் இருக்கு" என்றான்.

மறுநாள் பாலூற்றியதும் தாயும் மகனும் காரேறினார்கள். பதினாறாம் நாளுக்கு வரவில்லை. பிறகு போனும் இல்லை. இனி அறுவடைக்கு ஒரு மூட்டை அரிசி மிச்சம்.

பந்தலில் எடுத்த வீடியோ ஊரைத் தாண்டிப் போனது. 'எங்கப்பா தோள்லயே இருந்துச்சு' என்பதை வெட்டி, பின்னால் நாதஸ்வரம் சேர்த்துப் போட்டிருந்தார்கள். செழியனின் அடுத்த படத்து விழாவில் யாரோ எழுந்து, "சார், துண்டு எங்க?" என்று கத்தியதாகவும், அவன் மேடையை விட்டு இறங்கிவிட்டதாகவும் சொன்னார்கள். கலைமகள் அதைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். சோறு வைத்துக்கொண்டு பார்த்தாள். அன்றைக்கு இரண்டு கை கூடுதலாக இறங்கியது.

டீக்கடையில் இப்போது அவளைக் கண்டால் கிளாஸ் இறங்கிவிடும். "உங்கப்பா தங்கமான மனுசன் தங்கச்சி" என்று வலிய வந்து சொன்னார்கள். ஊர் முழுக்க மைக்கில் கேட்டாயிற்று, இனி யாரும் அப்பாவைக் குடிகாரன் என்று நினைக்க முடியாது என்று அவள் நம்பினாள்.

சித்திரை முதல் தேதி, மத்தியானம். சிறப்புத் திரைப்படம். அவள் வீட்டு டிவி அணைந்திருந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தவளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து, எதிர்வீட்டிலிருந்து, தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஒரே நேரத்தில் அந்த விக்கல் கேட்டது. தொடர்ந்து நல்லாருக்கட்டும். தொடர்ந்து சிரிப்பு. பந்தலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட அதே தொண்டைகள். ரெத்தினம் சித்தப்பாவின் இருமல் கலந்த சிரிப்பு தனியாகத் தெரிந்தது.

எழுந்தாள். முகம் கழுவினாள், தலையை வாரி முடிந்தாள். துக்க வருஷத்துக்காரி பண்டிகை நாளில் இன்னொரு வீட்டுப் படி ஏறக் கூடாது. ஏறினாள்.

சித்தப்பா வீட்டுக் கூடத்தில் எட்டுப் பத்துப் பேர். அவளைக் கண்டதும் சித்தப்பா ரிமோட்டைத் தேடினார். தலையணைக்கு அடியில் தேடினார், பேரனின் மடியில் தேடினார்.

"மாத்தாதீங்க சித்தப்பா. நல்ல படம்."

டிவிக்குப் பக்கத்தில், சுவரோரமாக, திரைக்கு முதுகைக் காட்டி அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"காபி கொண்டாரச் சொல்லட்டுமா கலை?"

"வேணாம் சித்தப்பா. நீங்க பாருங்க."

அவளுக்குப் பின்னால் அண்டா உருண்டது. ரசம் ஓடியது. துண்டைக் காணவில்லை என்று அந்தக் குடிகாரன் தேடினான். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். சித்தப்பா விட்டத்தைப் பார்த்தார். சித்தி முறத்தை எடுத்துவைத்து, கல்லே இல்லாத அரிசியில் கல் பொறுக்கினாள். வேட்டி உருவும் இடத்தில் பேரனின் உதடு துடித்தது. அவனுடைய அப்பன் அவன் தொடையில் கிள்ளினான். விளம்பரம் வந்தபோதும் யாரும் எழுந்து போகவில்லை. எழுந்து போவதற்கும் தைரியம் வேண்டியிருந்தது. கெட்டிமேளம் கொட்டி, படம் முடிந்து, பெயர்கள் ஓடி முடியும்வரை அந்தக் கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள்.

"அடுத்து எப்பப் போடுவான் சித்தப்பா, இத?"

"அது... ஆடிப் பெருக்குக்குப் போடுவானா இருக்கும்மா" என்றார் ரெத்தினம், தரையைப் பார்த்து.

"அப்ப எதுத்த வூட்டுல பாத்துக்கறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் சட்டென்று மறைந்தன. அவர்கள் கூடத்தில் டிவி எந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது என்று நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போனாள்.